பிசையாத ரொட்டி: வெளியில் ஓர் இரவா, ஃப்ரிட்ஜில் ஒரு வாரமா?

வீட்டிலேயே ரொட்டி சுடலாம், பிசையக்கூட வேண்டாம் என்று கேள்விப்பட்டு ஆசையோடு இறங்குகிறவர்கள் ஓவனைப் போடுவதற்கு முன்பே பல முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. மாவை இரவு முழுக்க வெளியே விடுவதா, ஃப்ரிட்ஜில் வைப்பதா? கனமான வார்ப்பிரும்புச் சட்டி வாங்கியே தீர வேண்டுமா, வீட்டில் இருக்கும் குக்கரே போதுமா? மைதாவா, ஆட்டாவா? இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைகளில் எழுதப்பட்டவை. அவற்றை மே மாதச் சென்னையில் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால், விடியற்காலையில் பாத்திரத்தில் கிடப்பது புளித்த நெடி அடிக்கும் கூழ். செய்தவர் தன் கைப்பக்குவத்தை நொந்துகொண்டு, மிச்ச ஈஸ்ட் பாக்கெட்டை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறார். அப்படிக் கைவிட்டவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது செய்முறை சொல்லும் மணிக்கணக்கை மட்டுமே.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமான ஊரில் வாழ்கிறவர்களுக்கு ஃப்ரிட்ஜ் வழியே ஏற்றது. சட்டி என்ன விலை என்பதைவிட அதற்கு இறுக்கமான மூடி இருக்கிறதா என்பதே முக்கியம். மாவில் முதல் ரொட்டிக்குப் பிடிவாதம் வேண்டாம். மைதாவோடு கொஞ்சம் ஆட்டா சேர்த்தால் போதும். இவை ஏன் என்று விளங்கிக்கொள்ள, பிசையாமல் ரொட்டி எப்படி எழும்புகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பிசையும் வேலையை யார் செய்கிறார்கள்?

நியூயார்க்கில் 1994இல் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கியவர் ஜிம் லேஹி. அவருடைய முறையை உணவு எழுத்தாளர் மார்க் பிட்மேன் 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதியபோதுதான் இது உலகம் முழுக்க வீடுகளுக்குள் நுழைந்தது. மாவு, உப்பு, கால் தேக்கரண்டி ஈஸ்ட், தண்ணீர் எல்லாவற்றையும் கலந்து மூடி, சுமார் 21 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 18 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை மடித்து மேலும் 2 மணி நேரம். கடைசியாக, சுமார் 230 டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும் மூடிச் சட்டியில் போட்டுச் சுட வேண்டும். கைவேலை எல்லாம் சேர்த்தாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கோதுமையில் குளூட்டனின், கிளையடின் என்று இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று இணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்துவைப்பது இந்த வலைதான். பிசைவது அந்த இணைப்பை வேகப்படுத்துகிறது. ஆனால் தண்ணீர் தாராளமாகவும் நேரம் நீளமாகவும் இருந்தால் புரதங்கள் தாமாகவே இணைகின்றன. மாவுக்குள் பெருகும் குமிழ்கள் வலையை உள்ளிருந்தே இழுத்து நீட்டுகின்றன. பிரான்ஸில் ரொட்டி நிபுணர் ரேமோன் கால்வெல் 1974இல், மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டால் பிசையும் வேலை வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். பிசையாத ரொட்டி அதே கருத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோகிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது இங்கிலாந்தின் சோர்லிவுட் முறை. 1961இல் அங்கே உருவான அந்த முறையில், வலுவான இயந்திரம் மாவைச் சில நிமிடங்கள் மூர்க்கமாகக் கலக்கி, மணிக்கணக்கான புளிப்பைத் தவிர்த்துவிடுகிறது. பல நாடுகளில் ஆலைகளில் தயாராகும் மெத்தென்ற துண்டு ரொட்டிக்கு அதுவே வழிகாட்டி. நேரத்தை மிச்சப்படுத்தினார்கள்; மணம் போயிற்று. நீண்ட புளிப்பில்தான் அமிலங்களும் மணப்பொருள்களும் உருவாகின்றன. பிசையாத ரொட்டியைச் சோம்பேறிகளின் வழி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ருசி என்று பார்த்தால் இதுவே உழைப்பு மிகுந்த வழியைத் தோற்கடிக்கிறது.

வெளியில் ஓர் இரவு

லேஹியின் மூல வழிக்கு என்ன வேண்டும்? 400 கிராம் மாவு, 300 கிராம் தண்ணீர், 8 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். ஒரு பாத்திரம், ஒரு மரக்கரண்டி. தண்ணீர் மாவில் 75 சதவீதம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது பயமுறுத்தும் அளவுக்குத் தளர்வாகத் தோன்றும். பயந்து மாவு சேர்த்துவிடக் கூடாது. அந்தத் தளர்வு இல்லாமல் புரதங்கள் தாமாக நகர்ந்து இணைய முடியாது.

இந்த வழியின் பெரிய நன்மை, இதற்கு எந்தத் தயாரிப்பும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் இடம் வேண்டாம், ஈஸ்ட் துளியளவு போதும், இரவு கலந்தால் மறுநாள் ரொட்டி. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இருப்பவர்கள் செய்முறையை அப்படியே பின்பற்றலாம். டொரோண்டோவில் குளிர்காலத்தில் வீட்டை 20, 21 டிகிரியில் சூடாக்கிவைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். 18 மணி நேரம் என்பது அங்கே 18 மணி நேரமேதான்.

சமவெளியில் கணக்கு மாறுகிறது. ரொட்டி புளிக்கும் வெப்பநிலைகளில், தோராயமாக 8 முதல் 10 டிகிரி கூடினால் ஈஸ்டின் வேகம் இரட்டிப்பாகிறது. 21 டிகிரிக்கு எழுதிய 18 மணி நேரம், 30 டிகிரியில் 8 அல்லது 9 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இட்லி மாவு மார்கழியில் மெதுவாகவும் சித்திரையில் விறுவிறுவென்றும் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. சென்னையின் கோடை இரவில் 6 மணி நேரத்திலேயே மாவைப் போய்ப் பார்க்கத் தொடங்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கலந்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு எழுந்தால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

பதம் வந்த மாவை எப்படி அடையாளம் காண்பது? மேற்பரப்பு முழுக்கச் சிறு குமிழ்கள்; நடுப்பகுதி மேடாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்தால் மாவு ஓரத்தைவிட்டு விலகும்போது நீளமான இழைகள் தெரியும். அவை இழுபட்டு நீளுமே தவிர உடனே அறுந்துவிடாது. அவைதான் கையே படாமல் உருவான குளூட்டன். வாசனை இதமான புளிப்பாக இருக்கும். காலம் கடந்த மாவில் நடு குழிந்திருக்கும், ஓரத்தில் நீர் விட்டிருக்கும், இழைகள் தொட்டவுடன் அறும், கள்ளின் நெடி தூக்கலாக அடிக்கும். அதைச் சுட்டாலும் மேலோடு பழுப்பேறாமல் வெளிறிப்போகும். நிறம் தர வேண்டிய சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்று தீர்த்திருப்பதே காரணம். அப்படிப்பட்ட மாவை ரொட்டியாக்கப் போராடாமல், எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, வெங்காயமும் மிளகும் தூவிச் சுட்டுவிடுவது நல்லது.

வெப்பத்தைச் சமாளிக்க வேறு வழிகளும் உண்டு. ஈஸ்டை ஒரு சிட்டிகையாகக் குறைக்கலாம். ஐஸ் தண்ணீரில் கலக்கலாம். இரவுக்குப் பதில் பகலில், கண் பார்வையில் வைத்துக்கொள்ளலாம். மூன்றும் பலன் தரும். ஆனால் ஒவ்வொரு மாதமும் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மழை பெய்து வெக்கை தணிந்த அன்று ஒரு கணக்கு, அக்னி நட்சத்திரத்தில் வேறொரு கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை ரொட்டி சுட நினைக்கும், வேலைக்குப் போகும் ஒருவரிடம் இந்தக் கண்காணிப்பை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஃப்ரிட்ஜ் மாவு

இங்கேதான் இரண்டாவது வழி முந்துகிறது. ஃப்ரிட்ஜுக்குள் மே மாதமும் டிசம்பரும் ஒன்றே. சுமார் 4 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. மாவின் நொதிகளும் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் மெதுவாக வேலையைத் தொடர்கின்றன. நேரத்தின் பலன் கிடைக்கிறது, நேரத்தின் ஆபத்து நீங்குகிறது.

800 கிராம் மாவு, 580 கிராம் தண்ணீர், 16 கிராம் உப்பு, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் பிடிக்கும் டப்பாவில் உலர்ந்த மாவு எங்கும் தெரியாதபடி கலந்து, மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். வாயு வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதால் காற்றுப்புகா மூடி வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நன்றாக உப்பத் தொடங்கும். உடனே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடலாம். முழுக்க உப்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டப்பாவின் நடுப்பகுதி குளிர்வதற்கே சில மணி நேரம் ஆகும், அதுவரை புளிப்பு தொடர்ந்துகொண்டுதான் இருக்கும்.

மறுநாளிலிருந்து 5, 6 நாட்களுக்குள், வேண்டும்போது பாதி மாவை வெட்டி எடுத்துச் சுடலாம். முதல் நாள் ரொட்டியைவிட மூன்றாம் நாள் ரொட்டி மணமாக இருப்பதை வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். குளிர்ந்த மாவு ஒட்டாது என்பது தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பெரிய வரம். வெளியே வைத்த மாவு விரலெல்லாம் பற்றிக்கொண்டு அலைக்கழிக்கும், ஃப்ரிட்ஜ் மாவு உருண்டையாகச் சொன்னபடி நிற்கும். உருட்டியதும் நம் ஊர் வெப்பத்தில் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக வெளியே வைத்துச் சுடலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃப்ரிட்ஜில் அவ்வளவு பெரிய டப்பாவுக்கு இடம் வேண்டும். ஈஸ்ட் கூடுதலாகச் செலவாகும். ஆறு நாளைக்கு மேல் போனால் வலை தளர்ந்து ரொட்டி தட்டையாகும். அப்போது ரொட்டியாக இல்லாமல் பீட்சா அடியாகப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். மின்வெட்டு நீளமாக இருக்கும் ஊர்களில் மாவு எதிர்பாராமல் பொங்கி வழியவும் கூடும். இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டே சொல்கிறேன்: வெயில் ஊரில் இருப்பவர்கள் இந்த வழியில் தொடங்கினால் முதல் முயற்சியிலேயே நல்ல ரொட்டி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதாக, ஈஸ்டை 5, 6 கிராமாகக் கூட்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கும் அவசர வழியும் உண்டு. இடையில் அரை மணிக்கு ஒருமுறை ஈரக் கையால் மாவின் நான்கு ஓரங்களையும் இழுத்து நடுவில் மடித்துவிட்டால் வலை ஓரளவு உருவாகிவிடும். விருந்தாளி வருகிறார் என்றால் கைகொடுக்கும். சுவை சாதாரணம், ஈஸ்ட் வாசனை தூக்கலாக இருக்கும். பிரெட் மேக்கர் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அது பிசைந்து சுட்டுத் தருவது மெல்லிய தோல் கொண்ட மெத்தென்ற சாண்ட்விச் ரொட்டி. நாம் பேசிக்கொண்டிருப்பது மொறுமொறுப்பான தடித்த மேலோடு கொண்ட வேறு ரொட்டி. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நினைக்க வேண்டாம்.

சட்டியா, குக்கரா?

பிசையாத ரொட்டியின் மற்றொரு பாதி அடுப்பில் நடக்கிறது. பேக்கரி ஓவன்களில் நீராவி பாய்ச்சுவார்கள். ரொட்டியின் மேற்பரப்பில் ஈரம் படிந்திருக்கும்வரை அது இளகியிருக்கும், உள்ளே விரியும் வாயுவுக்கு வழிவிடும். அந்த ஈரத்தில் மேற்பரப்பு மாவுச்சத்து வெந்து பளபளப்பாகி, பிறகு காய்ந்து மொறுமொறுப்பாகிறது. வீட்டு ஓவனில் நீராவி நிற்காது. லேஹியின் முறையில் மூடிய சூடான சட்டிக்குள் போன தளர்ந்த மாவு தன் நீராவியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முதல் 30 நிமிடம் மூடியோடு, பிறகு 15 முதல் 25 நிமிடம் மூடி இல்லாமல். மூடியைத் திறக்கும்போது ரொட்டி முழுசாக எழும்பி, இன்னும் வெளிர் நிறத்தில் இருக்கும். நிறமும் மணமும் அதன் பிறகே வருகின்றன.

ஆகவே எந்தப் பாத்திரமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. 230 டிகிரியைத் தாங்குமா? மூடி பொருந்துமா? ஓவனுக்குள் நுழையுமா?

வார்ப்பிரும்புச் சட்டி மூன்றிலும் தேறும். கனமான சுவர் சூட்டைத் தேக்கிவைத்து மாவு விழுந்தவுடன் அடியிலிருந்து தூக்கிவிடுகிறது. குழம்பு வைக்கவும் பொரிக்கவும் ஏற்கெனவே வார்ப்பிரும்புச் சட்டி இருக்கும் வீடுகளில் மூடியுள்ளதைத் தேடிப்பாருங்கள். புதிதாக வாங்க வேண்டியதில்லை. எனாமல் பூசிய வெளிநாட்டுச் சட்டிகள் அழகானவை, விலையும் அப்படியே. அவற்றின் மூடிக் குமிழ் பிளாஸ்டிக் வகையாக இருந்தால் இந்தச் சூட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் ஓவனின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஓ.டி.ஜி. எனப்படும் மேசை மின் ஓவன்களில் சிறியவற்றில் சட்டி நுழைந்தாலும் மூடியோடு நுழையாமல் போகும். அப்படியே நுழைந்தாலும் மேல் கம்பிக்கு ஒட்டினாற்போல் இருந்தால் ரொட்டியின் தலை கருகிவிடும்.

எவர்சில்வர் பாத்திரத்தை யாரும் பரிந்துரைப்பதில்லை. நான் பரிந்துரைக்கிறேன். அடி கனமான, கைப்பிடியும் மூடியும் முழுக்க உலோகமான பாத்திரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. சூட்டைத் தேக்குவதில் இரும்புக்கு ஈடாகாது என்பது உண்மை. அடிப்புறம் சற்று மென்மையாகவே நிற்கும். ஆனால் நீராவியைப் பிடித்துவைக்கிறது, இந்த ரொட்டிக்கு அதுவே முதன்மை. அடியில் ஒரு தட்டையான இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றினால் அந்தக் குறையும் பெருமளவு நீங்கிவிடும். முதல் ரொட்டியை இதில் சுட்டுப் பார்த்துவிட்டு, பழக்கம் நிலைத்த பிறகு இரும்புச் சட்டிக்குப் பணம் போடலாம்.

மண்சட்டி பிடித்தவர்கள் அதைக் குளிர்ந்த ஓவனோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்கும் ஓவனில் குளிர்ந்த மண்சட்டியை வைத்தால் விரிசல் விடும்.

கேக் அச்சு போன்ற நீண்ட டின் மட்டும் இருக்கிறது என்றால், அதே அளவுள்ள இன்னொரு டின்னை மேலே கவிழ்த்து மூடலாம். உருண்டை வடிவம் கிடைக்காது. ஆனால் துண்டு போட வசதி, பிள்ளைகளின் டிபன் பெட்டிக்கு இதுவே பொருத்தம்.

இனி குக்கர். ஓவன் இல்லாத வீடுகளே பெரும்பான்மை என்பதால் இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அடியில் உப்போ மணலோ பரப்பி, விசிலையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, குக்கரை ஓவனாக்கும் பழக்கம் கேக்குக்கு நம் வீடுகளில் நீண்டகாலமாக உண்டு. ரொட்டிக்கு அது சரியான இடம் இல்லை. சூடு அடியிலிருந்து மட்டுமே வருகிறது. அடி கருகும், தலை வெளிறிக் கிடக்கும். அலுமினியக் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் காயவைப்பது பாத்திரத்துக்கும் கேடு. அடுப்பு மட்டுமே இருப்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: அதே புளித்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, விரல் தடிமனுக்குத் தட்டி, கனமான இரும்புத் தோசைக்கல்லில் மூடிபோட்டு மிதமான தீயில் ஒரு பக்கம் வேகவைத்துத் திருப்பிப்போட்டால் அருமையான தட்டை ரொட்டி கிடைக்கும். இரண்டு பக்கமும் நிறம் வரும், உள்ளே பஞ்சாக இருக்கும். குக்கரில் பாதி வெந்த ஒரு பெரிய ரொட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதன் உச்ச வெப்பநிலை. பல கருவிகள் 200 அல்லது 220 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. அதில் சுடலாம், மூடி இல்லாத நேரத்தைப் பத்து நிமிடம்போல நீட்டிக்க வேண்டும். இரும்போ எவர்சில்வரோ வைக்கும்போது கன்வெக்‌ஷன் மட்டுமே இயங்க வேண்டும், மைக்ரோவேவ் அலை ஒருபோதும் கூடாது. ஓ.டி.ஜி.யும் மைக்ரோவேவும் இரண்டில் ஒன்று வாங்கப்போகிறோம், முக்கியமாக ரொட்டிக்காக, என்றால் 250 டிகிரி எட்டும் 30 லிட்டருக்கு மேற்பட்ட ஓ.டி.ஜி.யே என் தேர்வு.

மின்சாரச் செலவையும் பலர் கேட்கிறார்கள். 2000 வாட் ஓவன் இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு எரிப்பதால் உண்மைச் செலவு அதைவிடக் குறையும். சட்டியைச் சூடேற்ற அரை மணி நேரம் வீணாகிறதே என்று தோன்றினால், குளிர்ந்த சட்டியில் மாவை வைத்து அப்படியே ஓவனைத் தொடங்கலாம். அடி அவ்வளவு மொறுமொறுப்பாக வராது, ரொட்டி நன்றாகவே எழும்பும். 230 டிகிரியில் காயும் சட்டியைத் தூக்கப் பயப்படுகிறவர்களுக்கும், சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் சமையலறைக்கும் இதையே சொல்வேன். சூடான சட்டியில்தான் சுடுவேன் என்பவர்கள் மாவைப் பேக்கிங் தாளில் வைத்து, தாளின் ஓரங்களைப் பிடித்து இறக்குங்கள். கடைகளில் பட்டர் பேப்பர் என்ற பெயரில் மெழுகு பூசிய தாளும் கிடைக்கிறது. அது ஓவனில் புகையும். ஓவனுக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருப்பதையே வாங்க வேண்டும்.

மாவு

வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் பிரெட் மாவில் புரதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நம் மைதா பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: 400 கிராமுக்கு 300 கிராம் ஊற்றாமல் 275, 280 போதும். அதே தண்ணீரை ஊற்றினால் மாவு பரவி, சட்டிக்குள் தட்டையாகக் கிடக்கும். மாவில் குற்றம் காண்பதற்கு முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்துபாருங்கள்.

ஆட்டாவின் பாக்கெட்டில் புரதம் 11, 12 என்று இருக்கும். அதைப் பார்த்து ஆட்டா மட்டும் போட்டு எதிர்பார்ப்போடு காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தப் புரதத்தில் ஒரு பங்கு தவிட்டிலும் முளையிலும் இருப்பது. அது வலை பின்னாது. தவிட்டுத் துகள்கள் பின்னிய வலையையும் அங்கங்கே அறுக்கின்றன. சக்கியில், அதாவது அரைவைக் கல்லில், அரைத்த மாவு தண்ணீரையும் கூடுதலாகக் குடிக்கும். முழு ஆட்டா ரொட்டி நெருக்கமாக, கனமாக வரும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். மெல்லியதாக வெட்டிச் சுட்டு நெய் தடவினால் அதற்கென்று தனிச் சுவை உண்டு. பெரிய துளைகள் கொண்ட ரொட்டியை நினைத்துக்கொண்டு அதைச் சுடக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் ரொட்டிக்கு 300 கிராம் மைதா, 100 கிராம் ஆட்டா, 290 கிராம் தண்ணீர் என்பது என் சிபாரிசு. ஆட்டா சேர்ந்ததும் நிறமும் மணமும் கூடுகின்றன, எழுச்சி அதிகம் குறைவதில்லை. கேழ்வரகு, கம்பு சேர்க்க விரும்பினால் 10 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அவற்றில் குளூட்டன் கிடையாது.

மைதா உடம்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். தினமும் மைதா ரொட்டி தின்னச் சொல்லவில்லை. ஆனால் வீட்டு ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறொன்றும் இல்லை. வணிக ரொட்டிகளில் மாவை வலுப்படுத்தப் பொட்டாசியம் புரோமேட் சேர்க்கப்பட்டு வந்தது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016இல் ரொட்டி மாதிரிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்ட பிறகு, இந்தியாவில் அதே ஆண்டு அதற்குத் தடை வந்தது. நேரம் கொடுத்தால் தானாகவே வலுப்பெறும் மாவுக்கு, நேரம் இல்லாததால் ரசாயனத்தைத் தேடிப்போனார்கள்.

ஈஸ்ட் விஷயத்தில் தேர்வு எளிது: இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட். நேரே மாவில் கலக்கலாம். பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப்புகாத குப்பியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் பல மாதம் உயிரோடு இருக்கும்; நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் வெகுசீக்கிரம் வலுவிழக்கும். சாதாரண ட்ரை ஈஸ்ட் கிடைத்தால் அளவைக் கால்பங்கு கூட்டி, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சார்டோ என்னும் இயற்கைப் புளிப்புக்கு இப்போதே போக வேண்டாம். அது தினசரி பராமரிப்பு கேட்கும் தனி வழி. இந்த ரொட்டி கைக்குப் பழகிய பிறகு அதைத் தொட்டால் பயம் இருக்காது.

சுட்ட பிறகு

ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியை உடனே வெட்ட எல்லோருக்கும் கை பரபரக்கும். உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. அப்போது கத்தி பட்டால் நடுப்பகுதி பிசின்போல ஒட்டும், வேகவில்லையோ என்ற வீண் சந்தேகம் வரும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆறட்டும். வெந்ததா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், உணவு வெப்பமானி இருப்பவர்கள் நடுவில் குத்திப்பார்க்கலாம்; 96 டிகிரியைத் தாண்டியிருந்தால் வெந்துவிட்டது. இல்லாதவர்கள் அடிப்பக்கத்தை விரல் மடக்கித் தட்டுங்கள், வெற்றுக்குடம்போல் ஒலிக்க வேண்டும்.

ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மாவு அங்கே நலமாக இருக்கும், சுட்ட ரொட்டி இருக்காது. ஃப்ரிட்ஜின் குளிரில் வெந்த மாவுச்சத்து மீண்டும் படிகமாகி ரொட்டி வேகமாக வறண்டு விறைத்துவிடும். வெளியில் துணியில் சுற்றிவைத்தால் மேலோடு ஒரு நாள் மொறுமொறுப்பாக இருக்கும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். எனவே முதல் நாள் சாப்பிட்டது போக மீதத்தைத் துண்டு போட்டு, துண்டுகளுக்கு இடையே தாள் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். எடுத்ததும் உருகக் காத்திருக்காமல் நேராக டோஸ்டரிலோ சூடான தோசைக்கல்லிலோ போடலாம்.